செயலாளர் ஆண்டறிக்கை 2024-25: குறுக்குத்துறை வெள்ளமும் ரெசின் செலவும்

நம் மாடல் செய்யும் சங்கத்து உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவுக்கு வந்தவர்கள் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் கீழே டீக்கடைக்கு வந்தவர்கள், மழைக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஆகவே இந்த ஆண்டு என்ன நடந்தது என்று பெரும்பாலான உறுப்பினர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அறிக்கை கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் வழக்கமானவை. செயற்குழு நான்கு முறை கூடியது. நவராத்திரிக்கு மூன்று வீட்டுக் கொலுவுக்குத் தெப்பக்குளமும் படித்துறையும் செய்து கொடுத்தோம். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குத் தெர்மாகோல் மலை செய்யும் வகுப்பு நடந்தது. ரயில் பிரிவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தண்டவாளம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

இனி குறுக்குத்துறைக்கு வருகிறேன். தண்ணீருக்காக ஊற்றி, கண்ணாடி மாதிரி இறுகவிடும் ரெசினுக்கு இவ்வளவு செலவா என்று நேரில் கேட்காமல் அங்கங்கே பேசிக்கொள்கிறவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரை கடந்தது, திருநெல்வேலியில் ஆற்றுக்குள் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கியது. அந்தக் காட்சியை 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்காக, டயோரமாவாக (காட்சி மாடலாக) செய்வது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். 1992 வெள்ளத்தில் தண்ணீர் இன்னும் மேலே நின்றதா இல்லையா என்று அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பேசியதையும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

கோயிலை இரண்டு உறுப்பினர்கள் ஃபோம் ஷீட்டில் செய்தார்கள். உண்மையிலேயே நல்ல வேலை. ஒவ்வொரு தூணையும் பிளேடால் சீவி, பட்டை எடுத்து, மேலே உத்தரம் தாங்கும் போதிகைகூட வைத்திருந்தார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. வெள்ளத்தில் முங்கிய கோயில் என்றால் அந்தத் தூண்கள் அத்தனையும் தண்ணீருக்குள் போக வேண்டும். அன்றைய தண்ணீரோ பால் விட்ட டீ மாதிரி, விரலை விட்டால் நகம் தெரியாது. இதை நான் சொன்னதும் கூட்டத்தில் ஒரு மௌனம். அப்புறம் ஒருவர், "பார்க்கிறவனுக்குத் தண்ணின்னு தெரியணும்லா, நீலமா வைப்போம், உள்ள தூணும் தெரியும்" என்றார். ஐந்துக்கு மூன்று என்று நீலம் ஜெயித்தது. என் எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது.

தண்ணீருக்கு நாம் நினைக்கிற நிறம் கிடையாது. அடியில் இருப்பதும் மேலே வானமும்தான் அதன் நிறம். சாதாரண நாளில் படித்துறையில் நின்று பார்த்தால் கால்பக்கம் மணல் தெரியும், கொஞ்சம் தள்ளிப் பச்சை, நடு ஆற்றில் கரும்பச்சை. தெளிந்த தண்ணீர் செய்ய அடியைத்தான் முதலில் பெயிண்ட் அடிக்க வேண்டும், கரையில் வெளிறலாகத் தொடங்கி உள்ளே போகப்போக இருட்டாக. அதன்மேல் அரை சென்டிமீட்டர் ரெசின் ஊற்றினாலே ஆள் முங்கும் ஆழம் கிடைத்துவிடும். கலங்கல் தண்ணீருக்கு அதுவும் வேண்டாம். கீழே தெர்மாகோலை வைத்து உயர்த்தி, மேலே மெல்லிய தோல் மாதிரி ஊற்றினால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதாவது, நான் சொன்னதுதான் செலவு குறைந்த வழி.

ஆனால் தீர்மானம் தீர்மானம்தான். மே மாதம், கத்திரி வெயிலில், மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீல ரெசினை ஒரே மூச்சில் ஊற்றினோம். ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரும் சேர்ந்தால் தானாகச் சூடேறும், கனமாக நின்றால் சூடு வெளியே போக வழியில்லாமல் இன்னும் ஏறும், வெளியே இருக்கிற வெயிலும் அதற்குத் துணை. டப்பாவிலேயே மெல்லிய அடுக்காக ஊற்றச் சொல்லிப் போட்டிருந்ததை நான் வாசித்துக் காட்டினேன். "அடுத்த வாரம் எனக்கு வர முடியாது, இன்னைக்கே முடிச்சிருவோம்" என்றார்கள். அரை மணி நேரத்தில் புகை. அடியில் தெர்மாகோல் உருகி ஆறு நடுவில் குழிந்தது, மறுநாள் கோயில் வாசலிலிருந்து கரை வரைக்கும் ஒரு விரிசல். ஓரத்துக்கு அடைத்த ஓஹெச்பி ஷீட்டில் (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள்) ஊசித்துளை அளவு சந்து இருந்திருக்கிறது, அது வழியாகக் கசிந்து மேசையில் விரித்த பேப்பர் மேசையோடு ஒட்டிவிட்டது. அந்தத் தேதித் தலைப்புச் செய்தியை இன்றும் சங்கத்தில் வாசிக்கலாம்.

இதை ஹேக்சா பிளேடால் அறுத்து எடுக்க நானும் பொருளாளர் அண்ணாச்சியும் நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். நீலத்துக்கு ஓட்டுப் போட்ட ஐந்து பேரில் ஒருவர் வந்தார், அதுவும் தன் ஸ்குரூ டிரைவரை எடுத்துப்போக.

இடையில் ஒருவர் உதவுகிறேன் என்று ஃபைபர் ஷீட் வேலைக்கு ஊற்றும் ரெசினை மலிவாக வாங்கிவந்தார். அது பாலியெஸ்டர். நாம் ஊற்றிய எப்பாக்சி ரெசினாவது சூட்டில்தான் தெர்மாகோலை உருக்கும், இது பட்ட இடத்திலேயே கரைத்துத் தின்றுவிடும். துண்டில் சோதித்துப் பார்த்ததால் தப்பித்தோம்.

ஆகஸ்டில் மறுபடி தொடங்கினேன். "தொடங்கினேன்" என்று ஒருமையில் எழுதக் காரணம் இருக்கிறது. அடியைப் பிளாஸ்டர் பூசி, காய்ந்ததும் ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து இரண்டு தடவை அடித்தேன். இதை விட்டால் பிளாஸ்டரில் இருக்கிற காற்று ரெசினுக்குள் குமிழியாக ஏறிக்கொண்டே இருக்கும். நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்ன மின் தராசு வாங்கி (கணக்கில் 'உபகரணம்' என்று இருப்பது இதுதான்) நிறுத்துக் கலந்தேன், மெதுவாக, கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்துவிட்டு. பிறகு வேறு கப்புக்கு மாற்றி இன்னொரு தடவை.

நிறம்தான் பெரிய பாடு. வெள்ளம் வடிந்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு விரற்கடை வண்டல் நின்றது. கழுவித் தள்ளுமுன் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அள்ளி வைத்திருந்தேன், அதற்கு வீட்டில் ஏச்சு வாங்கியது தனி. அதை ஈரம் போக தோசைக்கல்லில் வறுத்து, வேட்டித்துணியில் சலித்து ரெசினில் போட்டேன். காலையில் பார்த்தால் வண்டல் முழுக்க அடியில், மேலே கண்ணாடி. அடுத்த அடுக்குக்கு ரெசின் தேன் பதத்துக்கு இறுகும்வரை காத்திருந்து, அதற்கப்புறம் வண்டலைச் சேர்த்தேன், கூட இரண்டு சொட்டு காவி அக்ரிலிக். அந்தரத்தில் நின்றது. சொட்டு கூடினால் ரெசின் இறுகாமல் பிசுபிசுத்துப் போகும், ஆகவே சொட்டுத்தான்.

அது காற்றுக் காலம் வேறு. தூசி விழாமல் அட்டைப்பெட்டி கவிழ்த்தும் ஒரு கொசு உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. 1:87-ல் அரை சென்டிமீட்டர் கொசு என்றால் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட மடையான் கொக்கு. எடுக்க முடியவில்லை, மேலே வைக்கோல் ஒட்டி மறைத்திருக்கிறேன்.

அலைக்கு அக்ரிலிக் ஜெல். இந்த அளவில் ஓர் அடி உயர அலை என்பது மூன்றரை மில்லிமீட்டர்தான். கை தாராளமாகப் போனால் தாமிரபரணி கடலாகிவிடும். குறுக்குத்துறைக் கோயிலில் வெள்ளம் மோதுகிற பக்கத்தைப் படகின் முனை மாதிரிக் கட்டியிருப்பார்கள். தண்ணீர் அங்கே ஏறி, பிளந்து, இரு பக்கமும் சாய்ந்து ஓடும், கோயிலுக்குப் பின்னால் மட்டும் வேகம் செத்துச் சுற்றிக்கொண்டு நிற்கும். ஆகாயத்தாமரையும் சருகும் ஒதுங்குவது அங்கேதான். ஆகவே பழைய டூத்பிரஷால் குத்திக்குத்தி முனையில் மட்டும் ஜெல்லைத் தூக்கி, அதன் உச்சியில் மட்டும் வெள்ளை தொட்டேன். ஜெல் பால் மாதிரி இருந்து காயக்காயத் தெளியும், இரண்டு நாள் ஆகும். ஐப்பசி மழையில் எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

ஜனவரியில் ஒரு பள்ளியில் கண்காட்சி. அப்போதும் தெளியாமல் இருந்த ஒரு இடத்தில் பையன் ஒருவன் விரலை வைத்து அழுத்திவிட்டான். பார்க்க வந்த ஓவிய ஆசிரியர் மாடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்தச் சுழி பிரமாதம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

குற்றாலம் ஐந்தருவி மாடலையும் குறிப்பிட வேண்டும். கண்ணாடி ஒட்டுகிற சிலிக்கானைப் பாலிதீனில் தடவி, சீப்பால் இழுத்து, மறுநாள் உரித்து அருவியாகத் தொங்கவிட்டார் நம் உறுப்பினர். அறை முழுக்க இரண்டு நாள் வினிகர் வாடை, ஆனால் இழை நன்றாக விழுந்தது. சிலிக்கானில் பெயிண்ட் பிடிக்காது என்று முன்பே சொன்னேன், வெள்ளை அடித்தார், உதிர்ந்தது. ஜெல்லில் வெள்ளை கலந்து நுனிக்குப் பூசிச் சரிசெய்திருக்கிறார்.

சந்தா விஷயம். பட்டியலில் நாற்பத்தொரு பெயர், கட்டியவர்கள் பதினாறு. பெயர் போடவில்லை. கட்டாதவர்களில் சிலர் கண்காட்சியில் மாடல் முன்னால் நின்று குடும்பத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். வாட்ஸ்அப்பில் கைகூப்பிய படம் அனுப்பினால் ரசீது போட முடியவில்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ரெசின் இரண்டு தடவை வந்திருப்பதன் காரணத்தை மேலே விளக்கியாயிற்று. சிறு பற்றாக்குறையைச் செயலாளர் இப்போதைக்குக் கைக்காசில் சரிக்கட்டியிருக்கிறார். விவரம் பொருளாளர் அண்ணாச்சியிடம், அவர் ஊரில் இருக்கும்போது.

இடம் தந்த கட்டட உரிமையாளருக்கும், மேசையைப் பற்றி இன்னும் கேட்காததற்கும் நன்றி. தலைவர் அவர்களுக்கு நன்றி. கையுறை போடாமல் ரெசின் தொட்டுத் தோல் தடித்துப்போன உறுப்பினர் குணமாகிவிட்டார், இனி யாரும் கையுறை இல்லாமல் தொட வேண்டாம், ஜன்னலையும் திறந்து வைக்கவும்.

அடுத்த ஆண்டுக்கு தாமிரபரணி மேல் 1843-ல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தை எடுக்கலாம் என்பது என் யோசனை. வெள்ளத்தில் இல்லை, சித்திரை மாதத்தில், தண்ணீர் கணுக்காலளவு தெளிந்து ஓடுகிற மாதிரி. வளைவுகள் அத்தனையும் தண்ணீருக்கு மேலேதான் இருக்கும், கல்லுக்குக் கல் இடுக்கு வரைந்தாலும் வெளியே தெரியும். இதற்குப் பிளேடு பிடிக்கத் தெரிந்த இரண்டு பேர் நம் சங்கத்தில் உண்டு. மே மாதத்துக்குப் பின் அவர்கள் இந்தப் பக்கம் வரவில்லை. தூண்களை நான் வேண்டுமென்று முக்கவில்லை. கோயிலைக் கழற்றி எடுக்கும்படிதான் ஒட்டியிருக்கிறேன், வந்து தூக்கிப் பார்த்தால் தூண்கள் அப்படியே இருக்கும்.

அலமாரியில் அரை டப்பா தெளிந்த ரெசின் மிச்சம் இருக்கிறது. ஹார்ட்னர் திறந்தாயிற்று, மஞ்சளடிக்கத் தொடங்கிவிட்டது, தெளிந்த தண்ணீருக்கு அது ரொம்ப நாள் தாங்காது. ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கம் திறந்திருக்கும். சாவி என்னிடம்தான்.

இப்படிக்கு,
செயலாளர்