செவலை இங்கேதான் இருக்கும், தம்பி

தம்பி,

அப்பாவின் முதல் திவசத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். அந்தத் தெருநாய்க்குட்டி செவலையை எங்கேயாவது கொண்டுபோய் விட்டால் என்ன என்று போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சுற்றிலும் ஆட்கள். இப்போது சொல்கிறேன்: குட்டியை எங்கேயும் கொண்டுபோய் விடப் போவதில்லை.

அப்பாவின் செருப்பு விஷயத்தை உன் காதில் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். அவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் அதோடு விடுகிறேன். ஆனால் உனக்கு வந்தது பாதிக் கதைதான்.

அந்தச் செருப்பை விட்டு நம் கிழட்டு நாய் வெள்ளையன் நகராமல் கிடந்ததை வீடியோவில் பார்த்தாய். அன்று சாயங்காலம் செவலை அதில் ஒன்றைக் கவ்விக்கொண்டு கிணற்றடிப் பக்கம் ஓடிவிட்டது. இவனுக்குத்தான் பிறவியிலேயே காது கேட்காதே. கண்ணைத் திறந்து, செருப்பைக் காணாமல்தான் எழுந்தான். இடுப்பு ஆட, பின்னங்காலை இழுத்துக்கொண்டு தென்னையைச் சுற்றிப் போனான். இன்னொரு நாயை வாசல் தாண்ட விட்டவனா அவன்? குதறிவிடுவான் என்று துடைப்பத்தோடு ஓடினேன். குட்டிக்கு எதிரே போய் நின்றான். முன்னங்கால் இரண்டையும் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஆட்டினான். சண்டைக்கு நிற்கும் நாய் அப்படி நிற்காது, தம்பி. சின்னதில் உன் முன்னால் அப்படித்தானே நிற்பான்! அப்புறம் தானாகவே மல்லாந்து படுத்துத் தொண்டையைக் காட்டினான். ஒரே கவ்வில் அடங்கிவிடக்கூடிய அந்தக் குட்டி மேலே ஏறி அவன் காதைக் கடித்தது. வேண்டுமென்றே தோற்றுக் கொடுத்தான். விளையாட்டு நின்றுவிடக் கூடாது என்று பெரிய நாய்கள் குட்டிகளிடம் அப்படி விட்டுக்கொடுப்பது உண்டாம், டாக்டர் பிறகு சொன்னார்.

செருப்பின் வார் அறுந்துபோனது. நான் பிடுங்கவில்லை. அம்மாவும் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார், "விடு" என்றார். உனக்கு அது வலித்திருந்தால் மன்னித்துக்கொள். ஆனால் அன்று ராத்திரி அவன் தட்டைக் காலி செய்தான். அந்தத் தட்டோடு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது.

தெருநாய் என்கிறாய். 2005-இல் தபால்தலையில் வந்த இனம் என்று ஊரெல்லாம் சொல்லி வெள்ளையனை ராஜபாளையத்திலிருந்து தூக்கி வந்தது நீ. அப்பா மடியில் போட்டுவிட்டு விமானம் ஏறியதும் நீதான். எழுந்திருக்க முடியாத நாட்களில் அவனைச் சுமந்தது யார்? போன மார்கழியில் "ஊசி போட்டு அனுப்பிடலாம்க்கா" என்றாயே, அது இன்னும் எனக்குள் குத்திக்கொண்டே இருக்கிறது. அவன் படும் கஷ்டம் தாங்காமல்தான் சொன்னாய். உன் குரல் உடைந்ததும் எனக்குக் கேட்டது. இரண்டும் எனக்குத் தெரியும்.

நோய் தொற்றும் என்று பயப்படாதே. பார்வோ என்கிற குடல் நோய்க்கும் மற்றதுக்கும் ஊசி போட்டு முடியும்வரை குட்டியைப் பின்கட்டில் தனியாகத்தான் வைத்திருந்தேன். அன்று கதவைத் திறந்துவிட்டதே அதெல்லாம் முடிந்த பிறகுதான். மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. வெள்ளையனுக்கு மூட்டுத் தேய்மானம் அப்படியேதான் இருக்கிறது, மாத்திரையை நிறுத்தவில்லை. மத்தியானம் அவன் தூங்கும்போது குட்டியை உள்ளே விடுவதில்லை. வயதான நாய்க்கு அந்த ஓய்வு கட்டாயம் வேண்டும். குட்டி கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றைப் புரிந்துகொண்டிருக்கிறது, அதைத்தான் உனக்குக் காட்ட ஆசை: பின்னாலிருந்து அவன் மேல் பாய்வதில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, அவன் கண்ணில் பட்ட பிறகுதான் குதிக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தையில் வருவேன் என்றாய். வா. சண்டை போடுவதானாலும் இங்கே வந்தே போடு.

இன்னொன்று. செவலையின் தடுப்பூசிப் புத்தகத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதச் சொன்னேன். வெள்ளையன் புத்தகத்தில் இன்னும் உன் பெயர்தான் இருக்கிறது. அதை மாற்றட்டுமா, இருக்கட்டுமா? நீயே சொல்.

அக்கா