கிடங்குத் தொழிலாளரின் ஓவர்டைம்

ஐயா,

ராணுவக் கிடங்குகளின் ஒப்பந்தத் தொழிலாளருக்கு ஓவர்டைமுக்கு உரிய கூலி முழுதாகக் கிடைப்பதில்லை என்று தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் மோதல் மூண்டபோது ஜபல்பூர் கமாரியா வெடிமருந்துத் தொழிற்சாலையில் விடுப்புகள் ரத்தாயின. நாட்டுக்கு அவசரம், சரி. அதற்காகப் பெட்டி தூக்குபவரின் கூலியில் கை வைப்பது எந்த வகையில் நியாயம்? ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டமே வகுத்தது. தேவகோட்டையிலிருந்து 1971 போரின்போது ஒரு கிடங்குக்குக் கூலி வேலைக்குப் போன என் சித்தப்பா இரவு பகலாகச் சுமை ஏற்றினார். கிடைத்தது ஒற்றைக் கூலிதான். போர் முடிந்ததும் வேலையும் போயிற்று.

ஒப்பந்ததாரர் இரட்டைச் சம்பளத்தைத் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் செலுத்திய ரசீதைக் காட்டினால்தான் அவருடைய பில்லுக்குப் பணம் என்று பாதுகாப்பு அமைச்சகம் நிபந்தனை விதிக்க வேண்டும்.

— ஒரு வாசகர், தேவகோட்டை