வையாட்டருவா மேடு

மக்களே,

நீ அனுப்பிய படத்தை அம்மாதான் முதலில் பார்த்தாள். "பிள்ளை மெலிஞ்சு போனாளே" என்றாள். என் கண் போனது உன் பின்னால் இருந்த பலகைக்கு. வையாட்டருவா. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். கூட வேலை செய்கிற நர்சுகளோடு ஏதோ மேட்டில் ஓடப் போனதாகவும், பாதி வழி நடந்துதான் ஏறியதாகவும் எழுதியிருக்கிறாய். அது ஏதோ மேடு இல்லை. நியூசிலாந்தின் ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு, தன்னிடம் பயிற்சி எடுத்த பையன்களை 22 மைல் ஓட்டிய சுற்றுப்பாதை அது.

லிடியார்டு ஒரு ஷூ கம்பெனித் தொழிலாளி. சம்பளம் போதாமல் விடியுமுன் வீடு வீடாகப் பால் போட்டார். (நம்ம குலசேகரத்திலும் விடியுமுன் பாலுக்குப் போகிறவர்கள் உண்டு, அது ரப்பர் பால்.) வாலிப வயதில் நண்பரோடு 5 மைல் ஓடியவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. இப்பவே இப்படி என்றால் 47 வயதில் என்ன கதி என்று பயந்துபோய் ஓட ஆரம்பித்தார். எவ்வளவு தூரம், எந்த வேகம் என்று வருடக்கணக்கில் தன் உடம்பிலேயே சோதித்த பிறகுதான் பையன்களிடம் போனார். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

800 மீட்டர் ஓடுகிற பீட்டர் ஸ்னெல்லையும் அந்த 22 மைலில் விட்டார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் தங்கம் வாங்கிய அதே நாளில், இடது கை விளங்காத முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரில் தங்கம் வாங்கினார். இரண்டு பேரும் லிடியார்டு வளர்த்தவர்கள்.

சூட்சுமம் பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் பல வாரம், வாரத்துக்கு 100 மைல் வரை, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். அப்புறம் மேடு. மின்னல் ஓட்டமெல்லாம் கடைசியில், பந்தயம் நெருங்கும்போது. இருதயமும் சின்ன ரத்தக்குழாய்களும் பெருக நாள் பிடிக்கும், வேகம் சில வாரத்தில் வந்துவிடும்.

நான் உனக்குச் செய்தது இதற்கு நேர் எதிர். பி.டி. வாத்தியார் என்ற பெயர், கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச். நீ ஒன்பதாம் வகுப்பு. நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் நடக்கிற மாவட்டப் போட்டி மட்டும்தான் என் கண்ணில் தெரிந்தது. தினமும் பன்னிரண்டு தடவை 400 மீட்டர். கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, குடித்த கட்டஞ்சாயாவை நீ வாந்தி எடுப்பாய். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கால் முன்னெலும்பு வலிக்குது அப்பா என்றாய். தைலம் போடு, சரியாகும் என்றேன். ஒருநாள் ரப்பர் ஷீட் காயப்போடும் கொடியில் ஷூவைத் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குள் போனாய். மழைக்காலம் முடியும்வரை அது அங்கேயேதான் கிடந்தது. எடுத்து வைக்க எனக்கும் மனசு வரவில்லை.

லிடியார்டைப் பற்றி நான் ஒழுங்காகப் படித்தது ரிட்டையர் ஆன பிறகு. படிக்கப் படிக்க உன் முகம்தான் வந்தது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

அவர் 1962இல் உங்கள் ஆக்லாந்தில் நடுவயது ஆட்களையும் மெதுவாக ஓட வைத்தார், அதில் இருதய நோய்க்காரர்களும் இருந்தார்கள். 2004இல், 87 வயதில், அமெரிக்காவுக்கு ஓட்டம் பற்றிப் பேசப் போன இடத்தில் இறந்தார்.

அடுத்த ஞாயிறும் போவாய்தானே? மூச்சு வாங்கினால் நட மக்களே. எத்தனை நிமிஷம் ஆனது என்று எனக்கு எழுதாதே. வழியெல்லாம் அந்தப் பிள்ளைகளோடு என்ன பேசினாய் என்று எழுது.

அப்பா