பப் சாப்பாட்டுக்கு ஏங்குகிறவர்களைக் கிண்டல் செய்ய நாம் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில், வெளிநாடுகளில் வேலை பார்க்கும் வெள்ளைக்காரர்களின் பப் (மதுக்கடை) சாப்பாட்டு ஏக்கம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவருக்கு நல்ல நகைச்சுவை, நானும் சிரித்தேன். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் மீனும் சிப்ஸும் (மாவு பூசிப் பொரித்த மீனும் தடித்த உருளைக்கிழங்கு வறுவலும்) தேடி அலைகிறார்கள், நாக்கு வளையாத ஜென்மங்கள் என்று அவர் தீர்ப்பு எழுதிய இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. நான் விருதுநகர்க்காரன், பல வருடமாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை. கூட வேலை பார்ப்பவர்களில் வட இங்கிலாந்தின் யார்க்ஷயர்க்காரர் ஒருவர் உண்டு, ஒரு வேல்ஸ்காரர் உண்டு, நியூயார்க் மாநிலத்துக்காரர் ஒருவரும் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் இவர்கள் பேச்சில் முக்கால்வாசி சாப்பாடுதான், அதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

இவர்களில் யாரும் அம்மா சமையலுக்கு ஏங்கி நான் பார்த்ததில்லை. உருளைக்கிழங்கு மசியல், வேகவைத்த காய், ஆம்லெட் எல்லாம் டர்பன் வீட்டு அடுப்பிலேயே வந்துவிடும். கடையில் மட்டும் சரியாக வருகிற சாப்பாடு இருக்கிறதே, அதற்குத்தான் ஏக்கம். நமக்கும் இதே கதைதான் ஐயா. புளி, பெருங்காயம், சாம்பார்ப்பொடி எல்லாம் இங்கே கிடைக்கிறது, என் வீட்டுச் சாம்பாரும் ஊர்ச் சாம்பார் போலத்தான் இருக்கிறது, அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் விருதுநகர் எண்ணெய் புரோட்டா? பெரிய கல்லில் எண்ணெயைத் தேக்கி வைத்து, மொறுமொறுவென்று பொரித்து, பிய்த்துப் போட்டு மேலே சால்னாவை ஊற்றுவார்களே, அதை எந்த வீட்டு அடுப்பில் செய்வது? யார்க்ஷயர்க்காரருக்கு மீனும் சிப்ஸும் அந்த இடத்தில் இருக்கிறது.

வீட்டில் ஏன் வராது என்பதற்குக் காரணமும் இருக்கிறது. மீனுக்குப் பூசும் மாவைப் பீர் விட்டுக் கரைப்பார்கள், பீரில் இருக்கும் வாயு சூடான எண்ணெயில் பட்டதும் விரிந்து மாவுக்குள் குமிழி குமிழியாக நிற்கும், ஆல்கஹால் தண்ணீரைவிடச் சீக்கிரம் ஆவியாவதால் மேல்தோல் சட்டென்று காய்ந்து மொறுமொறுப்பாகிவிடும், உள்ளே மீன் தன் ஆவியிலேயே வேகும். இதற்கு எண்ணெய் 180 டிகிரி பக்கத்திலேயே நிற்க வேண்டும். கடையில் ஆழமான பெரிய தொட்டி, நாலு துண்டு போட்டாலும் சூடு அவ்வளவாக இறங்காது. வீட்டு வாணலியில் ஒரு லிட்டர் எண்ணெயில் ஒரு துண்டு போட்டவுடனே சூடு சரிந்துவிடும், மாவு எண்ணெயைக் குடித்துச் சொதசொதவென்று ஆகிவிடும். போதாதற்கு யார்க்ஷயர் பக்கம் பல கடைகளில் இன்றும் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள் (இந்த இடத்தில் உங்கள் வாசகர்களில் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள், தெரியும்).

அப்புறம் மீன். அங்கே காட் அல்லது ஹேடக், அதிலும் நிறைய ஐஸ்லாந்திலிருந்தும் நார்வேயிலிருந்தும் வருவது. இங்கே ஹேக், தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையில் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தில் கிடைப்பது. ஹேக் மட்டமான மீன் இல்லை, இங்கிருந்து ஸ்பெயினுக்கு ஏற்றுமதி ஆகிறது, கடல்வளத்தைக் கெடுக்காமல் பிடிப்பதற்கான எம்எஸ்சி சான்றிதழ் 2004-லேயே வாங்கிய மீன்பிடித் தொழில் இது. ஆனால் சதை கொஞ்சம் மிருது, காட் மாதிரி தடித்த இதழ் இதழாக உதிராது. உருளைக்கிழங்கிலும் வித்தியாசம் உண்டு, அங்கே சிப்ஸ் போடுவதற்கென்றே பேர் வாங்கிய மாரிஸ் பைப்பர் என்ற ரகம் 1966-லிருந்து இருக்கிறது. மேலே தெளிக்கும் மால்ட் வினிகர் முளைகட்டிய பார்லியிலிருந்து வருவது, வெறும் புளிப்புத் தண்ணீர் அல்ல. பக்கத்தில் காய்ந்த பட்டாணியை சோடா உப்புப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்து, குழையக் குழைய வேகவைத்த ஒரு பச்சைக் கூழ் வேறு. பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது, ஆனால் அவருக்கு அது இல்லாவிட்டால் தட்டு நிறையவில்லை.

நியூயார்க்காரர் கேட்பது கோழி இறக்கை. பஃபலோ நகரில் ஆங்கர் பார் என்ற மதுக்கடையில் 1964-ல் தொடங்கியதாகச் சொல்வார்கள், மிளகாய் சாஸும் வெண்ணெயும் கலந்து புரட்டித் தருவது. டர்பனில் இறக்கை கேட்டால் அநேகமாக பெரி-பெரி என்ற மிளகாய் மசாலா தடவித்தான் வரும். மனுஷன் பாவம் சாப்பிட்டுவிடுவார், ஆனால் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

கட்டுரையில் இன்னொரு இடம். பப் சாப்பாடு நூற்றாண்டுகளாக மாறாத பழைய மரபு என்பது போல எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. இங்கிலாந்துப் பப்கள் ரொம்பக் காலம் குடிக்கிற இடமாகத்தான் இருந்தன, சாப்பிட என்று கேட்டால் ஊறுகாய் போட்ட முட்டை, பாக்கெட்டில் வருகிற மெல்லிய சிப்ஸ், மாவுக்கூட்டுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பை, இவ்வளவுதான் பெரும்பாலும் கிடைக்கும். ரொட்டி, சீஸ், ஊறுகாய் வைத்துத் தருகிற உழவன் மதியச் சாப்பாடு என்ற அந்தப் புகழ்பெற்ற தட்டு, 1950-களிலும் 60-களிலும் சீஸ் விற்பதற்காகச் செய்த விளம்பரத்தால் பரவியது. மீனும் சிப்ஸும்கூடத் தனிக்கடைச் சாப்பாடு, இரண்டாம் உலகப்போரில் இறைச்சியும் சர்க்கரையும் ரேஷனில் அளந்து கொடுத்த காலத்தில்கூட ரேஷன் இல்லாமல் விற்றது, பப் மெனுவுக்குள் நுழைந்தது அப்புறம்தான். நல்ல சமையலுக்கென்றே பப்புக்குப் போவது என்ற வழக்கத்தை லண்டனில் தி ஈகிள் என்ற பப் 1991-ல் பெரிதாக்கியது. ஆக, அவர்கள் ஏங்குவது தாத்தா காலத்துக்கு அல்ல, தங்கள் இருபது முப்பது வயதுக்கு.

கறியை, அதாவது நம்ம மசாலாக் குழம்பை, தொடமாட்டார்கள் என்றும் கட்டுரையில் ஒரு வரி. வேல்ஸ்காரரிடம் இதைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். அவர் ஏங்குகிற தட்டே கறிதான்! பாதி சோறு, பாதி சிப்ஸ், மேலே கோழிக்கறிக் குழம்பு, வேல்ஸில் இது சாதாரணமாகக் கேட்டு வாங்குகிற சாப்பாடு. சிக்கன் டிக்கா மசாலாவை பிரிட்டனின் தேசிய உணவு என்று 2001-ல் அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் ராபின் குக் மேடையிலேயே சொன்னார். பப் மேசையில் நிற்கும் எச்பி சாஸ், வூஸ்டர் சாஸ் இரண்டிலும் புளி இருக்கிறது, நம்ம புளிதான், குப்பியைத் திருப்பிப் பார்க்கலாம்.

சரி, டர்பன் விஷயத்துக்கு வருகிறேன், கட்டுரையில் இந்த ஊர் ஒரு வரியில் போய்விட்டதால்தான் இந்தக் கடிதமே. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் வாரிசுகள் வாழும் ஊர் இது. இவர்களுடைய சொந்தச் சாப்பாடு பன்னி சவ், பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பன்றியும் இல்லை முயலும் இல்லை. வெட்டாத வெள்ளை ரொட்டியைக் குடைந்து உள்ளே ஆட்டுக்கறியோ பீன்ஸ் கறியோ ஊற்றுவது, குடைந்தெடுத்த ரொட்டியை மேலே மூடியாக வைப்பது. கிரே ஸ்ட்ரீட் பக்கத்து இந்தியக் கடைகளில், உள்ளே உட்கார அனுமதி இல்லாத கறுப்பினத்தவருக்குக் கையில் கொடுத்தனுப்ப வசதியாக இது வந்தது என்று சொல்வார்கள். 1953-ல் பொது இடங்களையெல்லாம் நிறவாரியாகப் பிரித்துச் சட்டமே போட்ட நாடு இது. அந்தச் சாப்பாடு இன்றைக்கு டர்பன் பப்களின் மெனுவில், பர்கருக்கும் மீன் சிப்ஸுக்கும் நடுவில் இருக்கிறது, வெள்ளைக்காரர்களும் கையால் பிய்த்துத்தான் சாப்பிடுகிறார்கள். புரட்டாசியில் இங்குள்ள தமிழர்கள் பலர் மாதம் முழுக்கக் கவிச்சி தொடமாட்டார்கள், அப்போது பீன்ஸ் பன்னிக்குக் கிராக்கி.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம். மகன் லண்டனில் வேலைக்குப் போய் பன்னி சவ்வுக்கு ஏங்குகிறான். தென்னாப்பிரிக்கர்கள் அதிகம் இருக்கிற விம்பிள்டன் பக்கம் மசாலா வாங்கிச் செய்து பார்த்தானாம், அங்கே கிடைக்கிற ரொட்டி குழம்பைத் தாங்காமல் உடைகிறதாம். அவன் அக்கா இங்கிலாந்தில் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள், அவளுக்கோ ஞாயிற்றுக்கிழமை பப்பில் கிடைக்கிற ரோஸ்ட் கோழி, யார்க்ஷயர் புட்டிங் (இனிப்பல்ல, மாவுக் கரைசலைச் சுட்டது), அதன்மேல் ஊற்றும் கிரேவி என்று ஏக்கம். அம்மா இருவரையும் திட்டுகிறார். ஒரே வீட்டில் இரண்டு பக்கமும் இழுக்கிறது, இதில் நாக்கு வளையாதது யார் என்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவு பேசிவிட்டு எங்கள் ஊர்ப் பப்களின் குறையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கடற்கரையோர இடம் ஒன்றில் யார்க்ஷயர்க்காரரை அழைத்துப்போய் மீன் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தேன், பேர் வேண்டாம். மெல்லிய உறைகுளிர் சிப்ஸ், மாவுக்குள் மிளகாய்த்தூள், மேலே மங்கி கிளாண்ட் சாஸ். அது சட்னி, தக்காளி சாஸ், வெங்காயம் எல்லாம் கலந்த தித்திப்பு சாஸ், குரங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஸ்டீக்குக்கு நன்றாகவே இருக்கும், மீனுக்கு எதற்கு? எல்லாவற்றிலும் காரம் சேர்த்தால் நம்ம ருசி என்று நினைக்கிறார்கள். ஹேக் மீனை ஹேக்காகவே, சூடான எண்ணெயில், கெட்டியான சிப்ஸோடு கொடுத்தால் போதும், காட் இல்லையே என்று அவர் புலம்பமாட்டார்.

கட்டுரையாளர் டர்பன் பக்கம் வந்தால் உம்கேனி ரோட்டில் பிரிட்டானியா ஹோட்டலுக்கு அழைத்துப்போகிறேன், பப்பும் கறியும் ஒரே கூரையில் பார்க்கலாம். கால் ரொட்டி மட்டன், என் செலவு. கரண்டி மட்டும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விருதுநகர் வாசகர், டர்பன், தென்னாப்பிரிக்கா