அரையாண்டு விடைத்தாளை விடுமுறைக்கு முன்பே கொடுங்கள்

பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு விடுமுறை விட்டுவிடுகிறீர்கள். விடைத்தாள் பிள்ளைகள் கைக்கு வருவது ஜனவரியில் பள்ளி திறந்த பிறகுதான். அப்புறம் பொங்கல், திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு என்று நாள் ஓடிவிடும். நிதானமாக உட்கார்ந்து படிக்க அவர்களுக்குக் கிடைப்பது இந்த ஒரு விடுமுறைதான். அந்த நேரத்தில், எங்கே தவறினோம் என்று காட்டும் தாள் மட்டும் அவர்களிடம் இல்லை.

இருப்பது வீட்டுப்பாடம். எல்லாப் பாடத்திலும் புக் பேக் கேள்விகளை, அதாவது பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகளை, மூன்று முறை எழுதி வர வேண்டும். என் மகள் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இடப்பக்கம் கைடு, வலப்பக்கம் நோட்டு. ஒரு வரியைப் பார்க்கிறாள், எழுதுகிறாள், மறுபடி பார்க்கிறாள். ஓம் விதியை மூன்றாம் முறை எழுதி முடித்ததும் கைடை மூடிவிட்டுச் சொல்லச் சொன்னேன். மின்னோட்டம், மின்னழுத்த வேறுபாடு, நேர்த்தகவு எல்லாம் வந்தது. 'மாறா வெப்பநிலையில்' என்ற தொடக்கமே வரவில்லை. மறுநாள் காலையில் எதையும் பார்க்காமல் எழுதினாள். விட்டதைப் புத்தகத்தில் தேடிச் சிவப்புப் பேனாவால் அவளே சேர்த்தாள். அதற்குப் பிறகு அந்த இரண்டு சொற்களை அவள் விடுவதில்லை.

இது என் வீட்டு அனுபவம் மட்டும் இல்லை. ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். நம் பிள்ளைகள் டிசம்பரில் படித்ததை மார்ச்சில் எழுத வேண்டும்.

தாள் திருத்துவது எவ்வளவு வேலை என்று தெரியும். அதனால் எல்லாத் தாளையும் கேட்கவில்லை. முதலில் நடந்த தேர்வுகளின் தாள்களையாவது விடுமுறைக்கு முன் கொடுங்கள். முடியாத பாடங்களுக்கு விடைக்குறிப்பை அனுப்புங்கள், வினாத்தாளை வைத்து வீட்டில் பிள்ளைகளே சரிபார்த்துக்கொள்வார்கள். கணக்கில் வடிவியலுக்கு எட்டு மதிப்பெண், வரைபடத்துக்கு எட்டு. தொடுகோடு வரைவதில் எந்தப் படியில் மதிப்பெண் போனது என்று தெரிந்த பிள்ளை, அந்த ஒன்றை இரண்டு நாள் விட்டு மறுபடி வரைந்து பார்க்கும். தெரியாத பிள்ளை முதல் பாடத்தின் முதல் கணக்கிலிருந்து ஆரம்பிக்கும். பாதிப் புத்தகம் போவதற்குள் லீவு முடிந்துவிடும்.

மூன்று முறை எழுதும் வேலையையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அதற்குப் பதில், பார்க்காமல் ஒரு முறை எழுதி, தானே திருத்திக் கொண்டுவரச் சொல்லுங்கள். சிவப்பு மை நிறைய இருந்தால் திட்ட வேண்டாம். திட்டு விழும் என்று தெரிந்தால், பார்த்து எழுதிவிட்டுப் பார்க்காமல் எழுதியதாகச் சொல்வார்கள்.

ஸ்பெஷல் கிளாஸ் வைத்தே ஆக வேண்டுமென்றால், காலையில் இரண்டு மணி நேரம், சந்தேகம் கேட்க மட்டும் வையுங்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் முழு லீவு கொடுத்துவிடுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த பிள்ளைக்கு உட்கார்ந்து படிக்கத் தெம்பு இருக்கும்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா