சிரிப்பதற்கு முன்னால் ஒருமுறை விசாரியுங்கள்: காலை நிகழ்ச்சிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வானொலிக் காலை நிகழ்ச்சித் தொகுப்பாளர்கள் இருவருக்கும், தயாரிப்பாளருக்கும், நிலைய நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

உங்கள் நிகழ்ச்சியில் ஒரு பெரியவரைக் கேலி செய்தீர்களே, அந்தக் காலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். இரண்டு முறை தொலைபேசியில் பேசிவிட்டேன், ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன். "நாங்கள் யார் பெயரையும் சொல்லவில்லையே" என்பதுதான் மூன்றுக்கும் முதலில் கிடைத்த பதில். உண்மைதான், பெயரைச் சொல்லவில்லை. ஓய்வுபெற்று 11 வருடம் கழித்து, தேய்த்த சட்டையும் பழைய அடையாள அட்டையுமாக அலுவலகத்துக்குப் போய்த் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்ட பெரியவர் என்று மட்டும்தான் சொன்னீர்கள். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது போதும். அவர் என் அப்பா.

நான் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். ஒரு தனிமனிதரின் தடுமாற்றத்தைச் சிரிப்புக்கு எடுப்பதற்கு முன்னால் அதை ஒருமுறை விசாரியுங்கள். விசாரிக்க முடியவில்லை என்றால் அந்தச் செய்தியை விட்டுவிடுங்கள்.

அன்று நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் நிகழ்ச்சியில் வந்தது வேறு கதை. அப்பா கணக்குப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவர். இரண்டு வருடமாக அவருக்கு மறதி நோய். இந்த நோயில் பெரும்பாலும் அண்மைக்கால நினைவுகள் முதலில் போகும், பழையவை அதைவிட நீண்ட நாள் நிற்கும். நேற்று யார் வீட்டுக்கு வந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் அலுவலகத்துக்குப் போகும் வழி தெரியும். அம்மா குளிக்கப் போன நேரத்தில் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசலில் காவலாளி தடுக்கவில்லை. அவர் நடந்து வந்த தோரணை அப்படி. மாடி ஏறிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருந்த பெண்ணிடம் "இந்த மாசக் கணக்கை ஏம்மா இன்னும் முடிக்கலை?" என்று கேட்டிருக்கிறார்.

அந்தப் பெண்ணை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஒரு நொடியில் புரிந்துகொண்டு, "இதோ முடிச்சிடறேன் சார், நீங்க ஒருதடவை பார்த்துக் கொடுங்க" என்று பழைய தாள்கள் சிலவற்றை அவர் முன்னால் வைத்திருக்கிறார். அப்பாவின் சட்டைப் பையில் நாங்கள் எழுதி வைத்திருந்த எண்ணைக் கண்டுபிடித்து எனக்குக் கூப்பிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டல் எல்லாம் சரியாக இருந்தது. பல மாதங்களாக அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

அங்கே இருந்த யாரோ ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டார். அது சுற்றிச் சுற்றி, ஒரு இடத்தில் இரண்டு வரிச் செய்தியாகி, மறுநாள் ஏழே முக்காலுக்கு உங்கள் வினோதச் செய்தி நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

நீங்கள் சொன்னதில் அந்தப் பெண் கூச்சல் போட்டார், போலீஸ் வந்து பெரியவரைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டுமே நடக்கவில்லை. "காலையிலேயே ஐயா கொஞ்சம் ஏத்திக்கிட்டு வந்திருப்பாரு" என்று ஒருவர் சொல்ல, "வீட்டுல அந்தம்மா தொல்லை தாங்காம ஓடி வந்திருப்பாரு" என்று மற்றவர் சொன்னார். அப்புறம் கண்ணாடி டம்ளர்கள் மோதும் சத்தம் ஒன்றைப் போட்டீர்கள். நேயர்களைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டிலும் இப்படிப் போக மறுக்கிற பெருசு உண்டா என்று கேட்டீர்கள். நான்கு பேர் பேசினார்கள். இரண்டு வரிச் செய்தி 12 நிமிடம் ஓடியது.

அந்த 12 நிமிடமும் எங்கள் வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அப்பா உங்கள் நிகழ்ச்சியைத் தவறவிடாதவர். முகச்சவரம் செய்துகொண்டே கேட்பார். இப்போது பெயர்கள் ஒவ்வொன்றாக நழுவுகின்றன, என் மகளைச் சில நாள் என் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், ஆனால் உங்கள் இருவர் பெயரும் அவருக்கு மறக்கவில்லை. அன்றும் கண்ணாடி முன்னால் நுரை பூசிய முகத்தோடு நின்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார், நீங்கள் எங்கெல்லாம் சிரித்தீர்களோ அங்கெல்லாம். அம்மா ஓடி வந்து ரேடியோவை நிறுத்தினார். அப்பா திரும்பிப் பார்த்து, "ஏன் நிறுத்தினே? அந்த ஆளுக்கு அப்புறம் என்ன ஆச்சாம்?" என்று கேட்டார்.

அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

காலை நிகழ்ச்சியே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். தூக்கக் கலக்கத்தோடு கிளம்புகிறவர்களுக்கு இரண்டு பேர் கேலியாகப் பேசிக்கொள்வது எவ்வளவு பெரிய துணை என்று எனக்குத் தெரியும். வரிசையில் நிற்பதைப் பற்றி, பக்கத்து வீட்டு அலாரத்தைப் பற்றி, ஒற்றைக் காலுறை தொலைவதைப் பற்றி நீங்கள் பேசியதையெல்லாம் ரசித்திருக்கிறேன். பூட்டிய கடைக்குள் தூங்கிப்போன திருடன் செய்திக்கு நானும் வாய்விட்டுச் சிரித்தேன். இப்போது அந்த ஆள் எத்தனை நாள் தூங்காமல் இருந்தானோ என்று தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. சிரிக்கும்போது யாருக்கும் தோன்றாது. அதனால்தான் அதைக் கேட்கிறவரிடம் விடாமல், சொல்கிறவர் முதலில் பார்க்க வேண்டும் என்கிறேன்.

உங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பழைய கதை ஒன்று இருக்கிறது. காபி கொட்டிக்கொண்டதற்காக லட்சக்கணக்கான டாலர் வாங்கிய பாட்டி. 1992இல் அமெரிக்காவின் அல்புகெர்க்கி நகரில் நடந்தது. வானொலிகளும் தொலைக்காட்சி நகைச்சுவையாளர்களும் வருடக்கணக்கில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். காரை ஓட்டிக்கொண்டே குடித்தாளாம், காபி சூடாக இருக்கும் என்று தெரியாதாம் என்று பேசினார்கள். அவருக்கு அப்போது 79 வயது. அவர் காரை ஓட்டவே இல்லை, பேரன் நிறுத்தியிருந்த காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நிலைத் தீக்காயம். எட்டு நாள் மருத்துவமனையில் இருந்தார், தோல் ஒட்டு அறுவை சிகிச்சை செய்தார்கள். முதலில் அவர் அந்தக் காபியை விற்ற மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்திடம் கேட்டது 20,000 டாலர், சிகிச்சைச் செலவுக்காக. நிறுவனம் தர முன்வந்தது 800 டாலர். அதே காபி சுட்டதாக அதற்கு முன்பே 700க்கும் மேற்பட்ட புகார்கள் அந்த நிறுவனத்திடம் இருந்தன. 1994இல் ஜூரி விதித்த பெருந்தொகையை நீதிபதி வெகுவாகக் குறைத்தார். கடைசியில் இரு தரப்பும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். இவ்வளவும் வெளிப்படையாகத் தெரிந்த விவரங்கள். ஆனாலும் ஊர் முழுக்கப் போனது அவர் காரை ஓட்டினார் என்ற பொய்தான்.

என் அப்பா விஷயத்தில் அந்தப் பொய்யின் இடத்தில் போலீஸ் வந்து உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் தெரிந்தவர் ஒருவர் என்னை நிறுத்தி, "அப்பாவை ஸ்டேஷன்லேருந்து எப்போ விட்டாங்க?" என்று கேட்டார். நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். இனி அவருக்கு நான் எவ்வளவு விளக்கினாலும், உங்கள் 12 நிமிடத்துக்கு முன்னால் என் இரண்டு வாக்கியம் நிற்காது.

விசாரிக்க நேரம் இல்லை என்று உங்கள் தயாரிப்பாளர் தொலைபேசியில் சொன்னார். காலை நிகழ்ச்சி வேகமாகப் போகிற நிகழ்ச்சியாம், ஐந்து மணிக்கு வந்து செய்திகளைத் திரட்டி, ஏழு மணிக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டுமாம். அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் டம்ளர் சத்தத்தைத் தேடி எடுத்து வைக்க நேரம் இருந்தது. பேசுவதற்கு நேயர்களைப் பிடிக்க நேரம் இருந்தது. அந்த அலுவலகத்துக்கு ஒரே ஒரு போன் செய்ய மட்டும் நேரம் இல்லை.

2012 டிசம்பரில் சிட்னி வானொலி ஒன்றின் தொகுப்பாளர்கள் இருவர், பிரிட்டன் அரசியாகவும் இளவரசராகவும் குரல் மாற்றி, விளையாட்டுக்காக லண்டன் மருத்துவமனை ஒன்றுக்குப் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். அது நேரலை அல்ல. பதிவு செய்து வைத்து, பிறகு ஒலிபரப்பியது. நடுவில் யோசிக்க நேரம் இருந்தது. அந்த அழைப்பை எடுத்து வார்டுக்கு இணைத்துக் கொடுத்த செவிலியர் மூன்றாம் நாள் உயிரோடு இல்லை. அவர் செய்ததெல்லாம் ஒரு போனை மாற்றிக் கொடுத்ததுதான். எங்கள் வீட்டில் நடந்ததை அதோடு ஒப்பிட வரவில்லை. சிரிப்புக்குப் பின்னால் இருக்கிற ஆள் எவ்வளவு தாங்குவார் என்பது ஒலிபரப்பு அறையில் இருக்கிறவருக்குத் தெரியாது, முன்கூட்டியே விசாரித்தால் மட்டுமே கொஞ்சமாவது தெரியும் என்பதற்காகச் சொன்னேன்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வினோதச் செய்திகளில் வருகிறவர்கள் யார் என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். வழி தப்பிய கிழவர், பயத்தில் உளறிய பெண், படிக்கத் தெரியாமல் தவறான படிவத்தில் கையெழுத்துப் போட்டவர், பசியில் திருடி மாட்டிக்கொண்டவர். திருப்பிப் பேச முடியாதவர்களாகவே இருப்பார்கள். உங்களுக்கு விளம்பரம் தருகிற நிறுவனத்தின் முதலாளி எங்கேயாவது தடுமாறி விழுந்தால் அது ஏழே முக்காலுக்கு வருமா? வராது. அவருக்கு வக்கீல் இருக்கிறார். உங்கள் நிகழ்ச்சிக்கு எதையும் மதிக்காத துணிச்சல் என்று பெயர் வாங்கி வைத்திருக்கிறீர்கள். எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாதவரைக் கேலி செய்ய என்ன துணிச்சல் வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகெங்கும் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு மறதி நோய் இருந்தது. அவர்கள் வீடுகளில் பலவற்றில் காலையில் ரேடியோ ஓடும், ஏனென்றால் பழகிய குரல்கள் அவர்களை அமைதியாக வைத்திருக்கும். நீங்கள் யாரை வைத்துச் சிரிக்கிறீர்களோ அவரே கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பது உங்கள் அறையில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

கோபத்தில் கொஞ்சம் தூரம் போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சியில் மன்னிப்புக் கேட்டு, வீட்டுக்கு ஒரு பரிசும் அனுப்பி வைக்கிறோம் என்று நிர்வாகத்தின் தரப்பில் கடைசியாகச் சொன்னீர்கள். நல்ல மனதோடு சொன்னீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். பரிசு வேண்டாம். நிகழ்ச்சியில் மன்னிப்பும் வேண்டாம், தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். அம்மா இதை என்னிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். அப்பாவுக்குச் சில காலைகளில் எல்லாம் தெளிவாக இருக்கும். அப்படி ஒரு காலையில் உங்கள் குரலில் அந்த நாற்காலிக் கதை மறுபடியும் வந்தால், அந்த ஆள் யார் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

அதனால், முடிந்துபோனதற்காக நாங்கள் எதுவும் கேட்கவில்லை. இனிமேலுக்காகத்தான் கேட்கிறோம். ஒரு சாதாரண மனிதரைப் பற்றிய செய்தியைக் கேலிக்கு எடுக்கும்போது, நிகழ்ச்சிக்கு முன்னால் குழுவில் யாராவது ஒருவர் சம்பந்தப்பட்ட இடத்துக்குப் பேசி விசாரியுங்கள். நோயா, வயதா, வறுமையா என்று ஒரு கேள்வியாவது கேளுங்கள். அப்படி ஏதாவது இருந்தால், அல்லது யாரும் போனை எடுக்கவில்லை என்றால், அன்றைக்குக் காலுறையைப் பற்றிப் பேசுங்கள், நாங்கள் அதற்கும் சிரிப்போம். அந்தப் பதிவு உங்கள் செயலியில் இன்னமும் கிடக்கிறது. அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கள்.

இந்த இரண்டையும் செய்கிறோம் என்று எழுத்தில் ஒரு பதில் அனுப்புங்கள். முகவரி உங்களிடம் இருக்கிறது. அம்மா ரேடியோவை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். அப்பா தினமும் சவரம் செய்யும்போது இரண்டு பேர் பெயரையும் சொல்லி, "இன்னிக்கும் அவங்க லீவா?" என்று கேட்கிறார். பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறோம், வந்துவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

உங்கள் நெடுநாள் நேயர் ஒருவரின் மகன்