மாண்ட்ரியாலில் இருக்கும் மகளுக்கு

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள கண்ணம்மா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியதில் பாதிதான் என் காதில் விழுந்தது. வயதானால் கீச்சுக் குரல்கள்தான் முதலில் போகும், கனத்த சத்தம் அவ்வளவு சீக்கிரம் போகாது என்று டாக்டர் சொன்னார். உண்மைதான். அம்மா வைக்கும் குக்கர் விசில் கேட்பதில்லை. கணபதி விசர்ஜன் அன்று தெருக்கோடியில் அடித்த டோல் மேளம் மட்டும் நெஞ்சில் வந்து இடித்தது. அதனால்தான் கடிதம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ஊர் சிம்பொனி இசைக்குழுவில் 2016 முதல் ஆக்டோபாஸ் என்ற வாத்தியம் இருக்கிறது. உருவத்திலும் கனத்த குரலிலும் வயலின் குடும்பத்துக்கே கொள்ளுத்தாத்தா மாதிரி. பாரிஸில் வயலின் செய்துகொண்டிருந்த வுய்யோம் 1850 வாக்கில் முதலில் செய்தார். ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம், நம் ஹாலில் நிமிர்த்தி வைக்க முடியாது. ஒரு ஸ்தாயி கீழே போக நரம்பை இரண்டு மடங்கு நீளமாக்க வேண்டும், இல்லாவிட்டால் கனத்தைக் கூட்ட வேண்டும். நீளம் கூடினால் கை எட்டாது. அதனால் வுய்யோம் நெம்புகோலும் கால்மிதியும் வைத்தார். வாசிப்பவர் மேடைமேல் ஏறி நின்று, ஒரு கையால் வில்லை இழுத்தபடி, மறு கையாலும் காலாலும் அவற்றை இயக்கி நரம்பை அழுத்துவார். மூன்றே நரம்புகளுக்கு இத்தனை பாடு! எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை.

திருவாரூர் தியாகராஜர் கோயில் பஞ்சமுக வாத்தியம் உனக்கு நினைவிருக்கிறதா? பெரிய வெண்கலக் குடம், அதற்கு ஐந்து வாய், ஐந்திலும் தோல். நடு முகம் மற்ற நான்கையும்விடப் பெரியது. உனக்கு ஆறு வயது. கூட்டத்தில் உன்னைத் தோளில் வைத்திருந்தேன். நடு முகத்தில் உள்ளங்கை விழுந்ததும் நீ என் தலைமுடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்பா, வயித்துக்குள்ள தட்டுது" என்றாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது. உன் கால்கள் என் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த அதிர்வு உன்னிடமிருந்து வந்ததா, என் உடம்பிலிருந்தா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த ஆக்டோபாஸை ஒரு நாள் நேரில் போய்க் கேள். அது எல்லாக் கச்சேரியிலும் வராது, விசாரித்துவிட்டு டிக்கெட் வாங்கு. வாசிக்கும்போது நாற்காலிக் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்துப் பார். ரெக்கார்டு செய்து அனுப்பாதே, போன் ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் வராது. எங்கே தட்டியது, வயிற்றிலா, பாதத்திலா என்று கையால் எழுதி அனுப்பு.

அப்புறம், நீ டிசம்பரில் வருவதாகச் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. சரி, திருவாரூருக்கு மூன்று டிக்கெட் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா